பட்டம் காட்டாத வழியைக் காடு காட்டியது

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் விடியற்கால ரயிலில் ஏறுகிறவர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. பி.காம்., பி.எஸ்ஸி., பி.சி.ஏ. என்று படித்துவிட்டு, இருட்டோடு புறப்பட்டு இருட்டோடு வீடு திரும்பும் பிள்ளைகள் அவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது முதல், தங்கவயல் தமிழர் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிவது இந்த ரயிலை நம்பித்தான்.

சீசன் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா என்ற முறையில் இவர்களில் பலருடைய முகம் எனக்குப் பழக்கம். அவர்களில் ஒரு பிள்ளை தாவரவியலில் பி.எஸ்ஸி. தேறியவன். பெங்களூரில் ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணிக் கணக்கு எழுதுகிறான். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது பூச்சியை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டால் ரயில் வரும் வரை சொல்வான். இந்த ஆசையை வைத்துக்கொண்டு என்ன பிழைப்பு நடத்துவது என்று ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்ட நான் ஒரு பட்டதாரிக்கு என்ன புத்தி சொல்ல முடியும்? ஆனால் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியும். பட்டம் வாங்கிய பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் நிலையான வேலை அமையாமல் அலைந்து, முடிவில் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டு, 83 வயது வரை வாழ்ந்து மறைந்த தமிழர் அவர். பெயர் மா. கிருஷ்ணன். இந்தியாவின் இயற்கை எழுத்தாளர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவருக்கு வேலை கொடுத்து ஆதரித்தது இன்றைய கர்நாடக மண் என்பது நமக்கு ஒரு தனிப் பெருமை.

எழுத்தாளர் வீட்டுக் கடைக்குட்டி

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா, தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். 1898இல் வெளிவந்த 'பத்மாவதி சரித்திரம்' அவர் எழுதியதே. உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர் மாதவையா. அவருக்குக் குழந்தைகள் எட்டுப் பேர். கிருஷ்ணன் கடைசிப் பிள்ளை.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. இன்றைய மயிலாப்பூரை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய மயிலாப்பூரை நினைக்கக் கூடாது. அக்காலத்தில் வீடுகள் குறைவு, புதர்க்காடு அதிகம். மரங்களில் விதவிதமான பறவைகள் வந்தடையும். நரிகள் திரியும். வெளிமான்கள் கூட உண்டு. இவற்றுக்கு நடுவில் வளர்ந்த சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையைச் செல்லமாக வளர்த்தான். புத்தகம் படித்து இயற்கையின் மேல் ஆசை கொண்டவர் உண்டு. கிருஷ்ணனுக்கோ அந்த ஆசை வீட்டு வாசலிலேயே பிறந்துவிட்டது.

மாதவையா வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நிரந்தரச் சம்பளத்தை விட்டு எழுத்தை நம்பிய தந்தையின் துணிச்சலைப் பிள்ளை பார்த்து வளர்ந்தான். ஆனால் அந்தப் பத்திரிகை நெடுநாள் நடக்க விதி விடவில்லை. 1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

மலைகளில் கற்ற பாடம்

இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த கிருஷ்ணன், 1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி.எஃப். ஃபைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து பெரிய நூல் எழுதியவர். வகுப்பறையில் உட்கார வைத்துப் பாடம் சொல்வதோடு நில்லாமல், மாணவர்களை மலைக்கு அழைத்துச் சென்று செடியைச் செடி நிற்கும் இடத்திலேயே காட்டியவர்.

ஃபைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கிருஷ்ணன் போய் வந்தார். ஃபைசனின் மனைவி தாவரங்களைப் படமாக வரைவதில் வல்லவர். அந்த அம்மையாரிடம் கிருஷ்ணன் நீர்வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டார். ஓர் இலையை வரைய வேண்டுமானால் அதன் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும். வரையக் கற்றவன் பார்க்கக் கற்றவன் ஆகிறான். பிற்காலத்தில் தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டுச் சித்திரம் போட்டுக்கொண்ட கிருஷ்ணனுக்கு அந்தப் பயிற்சி இங்கேதான் கிடைத்தது.

ஆனால் பரீட்சை என்று வந்தபோது இந்தப் பயிற்சி உதவவில்லை. 1931இல் பி.ஏ. பட்டம் கிடைத்தது, சிறப்பான தேர்ச்சி என்று சொல்லும்படி இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கியவனுக்கே வேலை கிடைக்காத காலம் அது. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகம் முழுவதையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒருபுறம், தம்பி ஒருபுறம்

ஒரே வீட்டில் இரண்டு பாதைகள் பிரிந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கிருஷ்ணனின் தமையனார் மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறியவர். நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்து, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கினார். நல்ல எழுத்தாளரும் கூட. அப்படிப்பட்ட அண்ணன் இருக்கும் வீட்டில், சுமாரான பட்டத்தோடு, பறவை பார்த்துக்கொண்டு திரியும் தம்பியின் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். தங்கவயல் லைன் வீடுகளிலும் இந்தக் கதை உண்டு. மூத்தவன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருப்பான். இளையவன் வாசலில் நிற்பான். சாப்பாட்டு வேளையில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் சொன்னது போல இருக்கும்.

கிருஷ்ணன் மேலும் படித்தார். 1936இல் சட்டப் பட்டம் பெற்றார். வக்கீல் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. இந்துமதி அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பப் பொறுப்பு வந்தது, வருமானம் வரவில்லை. சிறுபத்திரிகைகளுக்குத் தமிழில் எழுதினார். கேலிச்சித்திரம் வரைந்தார். அகப்பட்ட சிறு வேலைகளைச் செய்தார். 1931இல் பட்டம் பெற்றவருக்கு 1942 வரை இதே கதை.

இந்தப் பதினொரு ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகளில் இரண்டு வரியில் தாண்டிப் போவதுதான் வழக்கம். வாழ்ந்தவருக்கு அது இரண்டு வரி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை இல்லாத அந்த நாட்களிலும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை, வரைவதை நிறுத்தவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை. சம்பளம் தராத வேலைதானே என்று அவற்றைக் கைவிட்டிருந்தால், பின்னால் சமயம் வாய்த்தபோது அவர் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அதே காலத்தில் பம்பாயிலும் ஒருவர் இப்படித் தவித்தார். பறவை ஆராய்ச்சிக்காக ஜெர்மனி சென்று 1930இல் திரும்பி வந்த சலீம் அலி, தாம் பார்த்துவந்த அருங்காட்சியக வேலை பறிபோயிருப்பதைக் கண்டார். கடலோரக் கிராமத்து வீட்டில் இருந்தபடி தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆராய்ச்சிதான் அவரை உலகுக்கு அறிமுகம் செய்தது. வடக்கே புலிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட்டும், மொகாமா காட் என்ற கங்கைக் கரை ரயில் நிலையத்தில் சரக்கு மாற்றும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவரே. ரயில்வே ஊழியன் என்பதால் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

சண்டூர் கொடுத்த வாழ்வு

1942இல் கிருஷ்ணனுக்கு வயது முப்பது. அப்போதுதான் சண்டூர் சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்தது. பெல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய சமஸ்தானம் அது. கோர்படே வம்சத்து மராத்திய மன்னர்கள் ஆண்டு வந்தார்கள். சுற்றிலும் மலை, மலைக்குள் இரும்பும் மாங்கனீசும். நம் ஊரைப் போலவே பூமிக்குள் இருக்கும் கனிமத்தால் பெயர் பெற்ற ஊர்.

சண்டூரில் கிருஷ்ணன் பார்க்காத உத்தியோகம் இல்லை எனலாம். பள்ளி ஆசிரியராக இருந்தார். நீதிபதியாக இருந்தார். விளம்பர அதிகாரியாக இருந்தார். மகாராஜாவின் அரசியல் காரியதரிசியாகவும் இருந்தார். சென்னையில் பயன்படாத சட்டப் படிப்பு இங்கே கைகொடுத்தது.

ஆபீஸ் வேலை முடிந்ததும் அவரைக் காண முடியாது. மலைச்சரிவிலும் புதர்க்காட்டிலும் நடந்துகொண்டிருப்பார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா வளர்த்தார், புறாவின் காலில் கடிதம் கட்டி அனுப்பும் முறையையும் பரீட்சித்துப் பார்த்தார். நீதிபதி ஆடு மேய்க்கிறார் என்று ஊரில் சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் ஆட்டோடு நடக்கிறவனுக்குத்தான் எந்தச் செடியை ஆடு தின்னும், எதை விட்டுவிடும், குட்டிக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்பதெல்லாம் தெரியும். கிருஷ்ணனுக்கு அது படிப்பு.

சுமார் ஏழாண்டுகள் இப்படிக் கழிந்தன. நாடு சுதந்திரம் அடைந்தது. 1949இல் சண்டூர் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1953இல் அந்தப் பகுதி மைசூர் ராஜ்யத்துக்கு வந்தது. சமஸ்தானம் மறைந்ததும் சமஸ்தான உத்தியோகமும் மறைந்தது. இத்தனை அனுபவம் உள்ளவர் வேறொரு சம்பள வேலையைத் தேடிப் போயிருக்கலாம். கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். இனி எழுத்தும் படமும்தான் தொழில் என்று தீர்மானித்தார்.

முப்பத்தெட்டாம் வயதில் தொடங்கிய பயணம்

1950இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் அவருடைய இயற்கைக் கட்டுரைகள் தொடங்கின. இரு வாரத்துக்கு ஒரு கட்டுரை. கிராமப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பு. 1950இல் தொடங்கியது 1996இல் அவர் இறக்கும் காலம் வரை நடந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! இரு வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுகிறது. தினசரிகளுக்குச் செய்தி எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு பத்தியை ஓராண்டு தவறாமல் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

அவர் எதைப் பற்றி எழுதினார்? யானை, காட்டெருமை, புலி பற்றி எழுதினார். அதே அக்கறையோடு அணிலைப் பற்றி, காக்கையைப் பற்றி, சுவரில் ஊரும் பல்லியைப் பற்றி, வீட்டு ஆட்டைப் பற்றியும் எழுதினார். 1961இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் ஒன்றுக்குக் காடும் கொல்லைப்புறமும் என்று பொருள்படும் பெயர் வைத்தார். காட்டுக்குப் போக வசதி இல்லாதவனுக்கு இயற்கை இல்லை என்ற எண்ணத்தை அந்தப் பெயரே உடைத்துவிடுகிறது. கொல்லைப்புறத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவன் முதுமலைக்குப் போயும் பயனில்லை.

தமிழிலும் எழுதினார். செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி எழுதினார். அங்கே கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. பறவையைக் காப்பாற்றினால் பயிர் செழிக்கும் என்பதை எந்தச் சட்டமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் மறைவுக்குப் பிறகு 2002இல், தியடோர் பாஸ்கரன் அவர்களின் முயற்சியால், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்தன. தமிழ் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டிய புத்தகம்.

யானைக்கு எதிரே ஒரு காமிரா

எழுத்தைப் போலவே புகைப்படத்திலும் அவர் தனி வழி கண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். கடையில் விற்கும் காமிரா அவருக்குப் போதவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தமக்கென்று ஒரு பெரிய காமிராவை உருவாக்கிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். முதுமலைக் காட்டில் பழகிய யானையின் மேல் ஏறிக்கொண்டும், தரையில் நடந்தும், காட்டு யானைகளைப் படம் எடுத்தார். மிருகத்தின் முகம் மட்டும் தெரிந்தால் போதாது, அது வாழும் புல்லும் மரமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

1968இல் ஜவாஹர்லால் நேரு நினைவு ஆராய்ச்சி உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பாலூட்டி விலங்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் புத்தகமாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருது தேடி வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1995இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. மறு ஆண்டு, 1996 பிப்ரவரி 18ஆம் தேதி, சென்னையில் காலமானார்.

நாட்டு மரத்துக்காக வாதாடியவர்

கிருஷ்ணன் வளைந்து கொடுக்காதவர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் ஒரு விஷயத்தில் நமக்கு மிகவும் பயன்படுவது. எங்கிருந்தோ கொண்டுவந்த மரங்களை நம் மண்ணில் நட்டுவிட்டு அதைக் காடு வளர்ப்பு என்று சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. காடு என்றால் அந்த மண்ணில் தானாக முளைத்த மரமும், புதரும், புல்லும், அவற்றை நம்பி வாழும் பூச்சியும் பறவையும் விலங்கும் எல்லாம் சேர்ந்ததே. நாட்டின் ஒரு சிறு பகுதியையாவது மனிதன் கை வைக்காமல் அப்படியே விட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

கோலார் மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்காருப்பேட்டையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் வரிசை வரிசையாக யூகலிப்டஸ் மரங்களைக் காணலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதன் கீழே வேறு செடி வளர்வது அரிது. கிணறு வற்றிப்போன விவசாயிகள் அதன் மேல் குறை சொன்னார்கள். 2017இல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை போட்டது. கிருஷ்ணன் எச்சரித்துப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த புத்தி அது. அவர் நடந்து திரிந்த சண்டூர் மலைகளுக்கும் சோதனை வந்தது. இரும்புத்தாதுக்காக மலைகள் வரைமுறையின்றி வெட்டப்பட்டதைக் கண்டு, 2011இல் உச்சநீதிமன்றமே தலையிட்டு பெல்லாரி மாவட்டத்தில் சுரங்க வேலையை நிறுத்தி வைத்தது.

கணக்கைச் சரியாகப் பார்ப்போம்

இதுவரை படித்த தாய் தகப்பன்மார்களுக்கு ஒரு பயம் வந்திருக்கும். பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் குருவி பார்க்கப் போய்விடுவானோ என்று. அந்தப் பயம் நியாயமானதே. ஆகவே கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணனுக்கு மயிலாப்பூரில் குடும்ப மனை இருந்தது; வாடகைக் கவலை இல்லை. படித்த குடும்பத்தின் துணை இருந்தது. ஆங்கிலம் நன்கு பழகிய மொழி. லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த நம் பிள்ளைக்கு இவை எதுவும் இல்லை. இவ்வளவு இருந்தும் கிருஷ்ணன் வசதியாக வாழவில்லை. மாதச் சம்பளமும் பென்ஷனும் இல்லாத பிழைப்பு அது. கட்டுரைக்கும் படத்துக்கும் பத்திரிகை கொடுக்கும் தொகையில் குடும்பம் நடத்தியவர் இந்துமதி அம்மையார். கணவருடைய புகழில் அந்த அம்மையாரின் பங்கைச் சொல்லாமல் விட்டால் அது பாதி வரலாறுதான்.

எனவே கிருஷ்ணனின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையை உதறுவதை அல்ல. அவர் சண்டூரில் நீதிபதியாகவும் ஆசிரியராகவும் நேர்மையாகச் சம்பளத்துக்கு உழைத்தார். அந்த உழைப்புக்கு நடுவில் தம் ஆசையைப் பட்டினி போடாமல் வளர்த்தார். அவருடைய ஆசை வெறும் ரசனையாக நின்றுவிடவில்லை. பார்த்ததை எழுதி வைத்தார், எழுதியதைச் சரிபார்த்தார், குறித்த நாளில் அனுப்பி வைத்தார். ஆசை தொழிலாக மாறியது இந்த ஒழுங்கினால்தான். அதற்குப் பிடித்த காலம், பட்டம் பெற்ற நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள்.

அவர் காலத்தில் இல்லாத ஒரு வசதி இன்று உண்டு. காட்டுயிரைப் பற்றிப் படிக்க அன்று தனிப் படிப்பு கிடையாது. இன்று மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. நம் பெங்களூரிலேயே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இந்தத் துறையில் மேற்படிப்பு உண்டு. இந்திய வனப்பணித் தேர்வை எழுதத் தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகளுக்குத் தகுதி உண்டு. போட்டி கடுமைதான். ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நம் வாசலில் உள்ளவை

தங்கவயலில் பார்க்க என்ன இருக்கிறது, சைனைடு மண்மேடுதானே என்று நம்மவர்களே சொல்வதுண்டு. சுரங்கக் கம்பெனியின் பழைய நிலங்களில் இன்றும் வெளிமான்கள் மேய்கின்றன. கிருஷ்ணன் சிறுவயதில் மயிலாப்பூரில் பார்த்த அதே மான். மயிலாப்பூரிலிருந்து அது மறைந்து எத்தனையோ காலம் ஆகிறது. நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தெருநாய் துரத்துவதிலிருந்து அதைக் காப்பாற்ற நமக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. கோலார் இலைமூக்கு வௌவால் என்று ஓர் இனம். 1994இல்தான் தனி இனமாக விஞ்ஞானிகள் விவரித்தார்கள். உலகத்திலேயே நம் மாவட்டத்து ஹனுமனஹள்ளியில் ஒரே ஒரு குகையில் மட்டும் வாழ்வதாகத் தெரிகிறது. எண்ணிக்கை சில நூறுக்குள் அடங்கும். கல் உடைப்பவர்களால் அந்தக் குகைக்கு ஆபத்து வந்தபோது, வனத்துறையும் வௌவால் பாதுகாப்பில் ஈடுபட்டவர்களும் முன்வந்து காத்து வருகிறார்கள். நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஓர் உயிரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தங்கம் தீர்ந்துபோனால் ஊருக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம். வேறு எங்கும் இல்லாத ஒன்று இந்த மாவட்டத்துக் குகை ஒன்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இந்த வரலாற்றைக் கவுண்ட்டரில் சொல்ல நேரம் போதவில்லை. பின்னால் வரிசை நின்றது. ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் ரயில் வருவதற்கு முன் அந்தக் கரிச்சானைப் பற்றித் தேதி போட்டு நாலு வரி எழுதச் சொன்னேன். இந்த மாதம் சீசன் டிக்கெட் எடுக்க வந்தபோது அவன் சட்டைப் பையில் அந்த நோட்டு மடித்துச் செருகியிருந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவன் பிளாட்பாரத்துக்குப் போனான். ரயில் வர இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.